உங்களுக்குத் தெரியுமா? மேட்டூர் தண்ணீர் எங்கெல்லாம் போகிறது?

● 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணைப் பணி 1934-இல் முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டிஎம்சி.

● நீர்மட்டம் வெகுவாக இறங்கினால், பண்ணவாடி அருகே மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும்.

● டெல்டா பாசனத்துக்கு வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் நாள் ஜூன் 12. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களின் 45,000 ஏக்கருக்கு, கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள்.

● அணையைத் தாண்டிய தண்ணீர் சும்மா ஓடுவதில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை கதவணைகளில் தேங்கித் தேங்கி மின்சாரம் தருகிறது. ஒவ்வொன்றின் திறனும் 30 மெகாவாட்.

● ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரியும் ராஜவாய்க்காலை நம்பித்தான் பரமத்தி வேலூர் வட்டாரத்து வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் இருக்கின்றன.

● வெள்ளக் காலத்து உபரிநீரைத் திப்பம்பட்டியில் பம்ப் செய்து, சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்தின் மதிப்பு ரூ.565 கோடி. வரும் தண்ணீர் ஏரியில் நிற்க, கரையையும் வரத்து வாய்க்காலையும் ஊரார்தான் காக்க வேண்டும்.