இருவரும் சோதிப்போம், சிறுநீரகம் காப்போம்



குடும்ப நலம் என்றால் அளவான பிள்ளைகள், தடுப்பூசி, நல்ல பிரசவம் மட்டும்தானா? கணவனும் மனைவியும் நோய் நொடி இல்லாமல் பாடுபட்டுப் பிழைப்பதும் குடும்ப நலமே. அதைச் சத்தம் போடாமல் கெடுக்கிற ஒரு நோயைப் பற்றி இங்கே சொல்கிறோம்.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

முதுகுப் பக்கம், விலா எலும்பை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மூடிய கை அளவுதான். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. வேண்டியதை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கழிவை மட்டும் ஒன்றரை லிட்டர் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன. இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும், உடம்பில் இரத்தம் ஊற உதவுவதும் இவற்றின் வேலையே.

நோய் வந்தால் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. பாதி கெட்டாலும் மீதிப் பாதி வேலையை இழுத்துப் போடும். வலி இருக்காது. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருப்போம். கால் வீக்கம், முகம் ஊதல், பசியின்மை, மூச்சிரைப்பு வரும்போது நோய் முற்றியிருக்கும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் அன்றைய கூலி போச்சு. துணைக்குப் போகிறவர் கூலியும் போச்சு.

யாருக்கு வரும்?

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்புமே முக்கியக் காரணங்கள். அடிக்கடி சிறுநீரில் கிருமி தாக்குதல், கல் அடைப்பு, பெற்றோருக்குச் சிறுநீரக நோய் இருந்தது, கர்ப்ப காலத்தில் இரத்தக் கொதிப்பு வந்தது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. தாய்மார்களே, "பிள்ளை பிறந்ததும் பிரஷர் போயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். பிறகும் வருடா வருடம் பாருங்கள்.

நம் பக்கத்து ஊர்களில் நடந்தது

பெரிய ஆஸ்பத்திரி இல்லாமலே இந்த நோயைத் தடுக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் சென்னைச் சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம். கே. மணி. அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடையே இதைச் செய்தது. பயிற்சி பெற்றவர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் ஒரு அமிலத்தைச் சொட்டுவிட்டு, கலங்குகிறதா என்று பார்த்தார்கள். கலங்கினால் புரதம் ஒழுகுகிறது என்று பொருள். சர்க்கரையும் பார்த்தார்கள். குறை கண்டவர்களுக்கு விலை குறைந்த சாதாரண மாத்திரைகளையே கொடுத்தார்கள். 2003-இல் வெளியிட்ட கணக்கின்படி ஆளுக்கு ஆண்டுச் செலவு 27 அமெரிக்க சென்ட், அதாவது அன்றைய மதிப்பில் 15 ரூபாய்க்கும் குறைவு!

நீங்கள் செய்ய வேண்டியது

1. முப்பது வயது தாண்டிவிட்டால் வருடத்துக்கு ஒரு தடவை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். சர்க்கரையோ கொதிப்போ உள்ளவர்கள் சிறுநீரில் புரதமும், இரத்தத்தில் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2. "தலைசுத்தல் நின்னுடுச்சு, மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்தக் கூடாது. மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு திரும்பும்; சிறுநீரகம் கெடும்.

3. உப்பு, ஆளுக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ளதும் அதில் சேரும்.

4. உடம்பு வலி, மூட்டு வலி என்று கடையில் தானே கேட்டு வாங்கித் தினமும் வலி மாத்திரை போடாதீர்கள். பெயர் தெரியாத லேகியம், பஸ்பமும் வேண்டாம்.

5. வெயிலில் வேலை செய்பவர்கள் தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். வேலைக்குப் போகும் பெண்கள் கழிப்பிடம் இல்லையென்று தண்ணீர் குடிக்காமலும், சிறுநீரை அடக்கியும் இருப்பது கிருமிக்கு வழி விடும்.

6. பீடி, சிகரெட், புகையிலையை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு

பயப்பட வேண்டாம். ஆரம்ப நிலையில் நோயை மெதுவாக்கி, பல ஆண்டுகள் நன்றாக வாழலாம். ஆனால் நோய் முற்றியவர்களுக்கு, குளிர்ச்சி என்று நாம் கொடுக்கும் இளநீரே ஆபத்தாகலாம். அதிலுள்ள பொட்டாசியம் உடம்பில் தங்கி இதயத்தைத் தாக்கும். எவ்வளவு தண்ணீர், எந்தப் பழம் என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். மற்ற எந்த மாத்திரை வாங்கும்போதும் சிறுநீரக நோய் இருப்பதைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று

வீட்டுக்காரரைச் சோதனைக்கு அழைத்துப் போகிற மனைவி, தன்னைச் சோதித்துக்கொள்ளாமல் திரும்புவது வழக்கமாக இருக்கிறது. ஐயா, அம்மையாரையும் சோதிக்கச் சொல்லுங்கள். பெருங்களத்தூர், முடிச்சூர், நெடுங்குன்றம், வண்டலூர் என எந்த ஊரில் இருந்தாலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவருமே போங்கள். உங்கள் ஊர் நர்சம்மாவிடம் கேட்டால் வழி சொல்வார். அரை நாள் வேலை போனாலும் பரவாயில்லை, ஆயுள் முழுக்க உழைக்கும் உடம்பு மிஞ்சும்.