இடுப்புத் தளத் தசைப் பயிற்சி: உழைக்கும் பெண்களுக்கு ஏன் எட்டவில்லை?

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் நாற்று நடுவதும் களை பறிப்பதும் முந்திரிக் கொட்டை பொறுக்குவதும் பெண்களின் வேலை. அவர்களுள் கணிசமானோர் காலனித் தெருக்களிலிருந்து வரும் நிலமற்ற தலித் பெண்கள். இருமினாலும் தும்மினாலும் சுமை தூக்கினாலும் சிறுநீர் கசிவது, மாலை நேரத்தில் அடிவயிற்றிலிருந்து ஏதோ இறங்கி வருவது போலக் கனப்பது ஆகியவை இத்தகைய உழைப்பில் உள்ள பெண்கள் வெளியே சொல்லாத துன்பங்கள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பொறுக்க முடியாமல் மருத்துவரிடம் போனால், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்ற பதில் வருவதுண்டு. இவ்விரண்டுக்கும் நடுவில், கத்தியும் மாத்திரையும் தேவைப்படாத ஒரு சிகிச்சை இருக்கிறது. இடுப்புத் தளத் தசைகளுக்கான இயன்முறை சிகிச்சை என்பது அதன் பெயர்.

இடுப்பெலும்பின் முன்புறத்திலிருந்து பின்னே வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் ஒரு தசைத் தொகுதி விரிந்துள்ளது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுவே தாங்குகிறது. சிறுநீர்த் துவாரம், பிறப்புறுப்பு, ஆசனவாய் ஆகியவற்றை இறுக்குவதும் தளர்த்துவதும் அதன் வேலை. பிரசவத்தின்போது இத்தசை அளவுக்கு மீறி இழுபடுகிறது, சிலருக்குக் கிழிகிறது. மாதவிடாய் நின்றபின் மேலும் நலிகிறது. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், தொடர்ந்து பாரம் தூக்குதல் ஆகியவை அதன்மீது அழுத்தத்தைக் கூட்டுகின்றன. விறகடுப்புப் புகையில் இருமிக்கொண்டே சமைத்துவிட்டு, விடிந்ததும் நாற்றுக் கட்டைத் தலையில் ஏற்றும் ஒருத்திக்கு இந்தக் காரணங்கள் பலவும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கீகல் 1948இல் இத்தசைகளுக்கான பயிற்சியைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே இறுக்கி மேலே இழுக்க வேண்டும். சில நொடிகள் நிறுத்திவிட்டு முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையையோ பிட்டத்தையோ இறுக்கக் கூடாது. ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, விடாமல் 3 மாதம் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல். இருமல் வரும்போதும் சுமையைத் தூக்குமுன்பும் ஒரு கணம் அத்தசையை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் வயல்வேலை செய்பவருக்குக் கூடுதலாக உதவும். சிறுநீர் கழிக்கும்போதே நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது தவறு. இருமினால் கசியும் வகைச் சிறுநீர்க் கசிவுக்கு இப்பயிற்சியே முதல் சிகிச்சையாக உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. தொடக்கநிலை கர்ப்பப்பை இறக்கத்தின் தொல்லைகளையும் இது குறைக்கிறது.

ஆனால் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துச் செய்துவிடலாம் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. பல பெண்கள் முதல்முறை செய்யும்போது உள்ளிழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது கேட்டைக் கூட்டும். சிலருக்குத் தசை தளர்ந்திராமல் எந்நேரமும் இறுகிக் கிடக்கும். உறவின்போது வலி, அடிவயிற்று வலி, சிறுநீர் எளிதில் பிரியாமை ஆகியவை அதன் அடையாளங்கள். அவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. எந்த வகை என்பதைப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் சோதித்தே சொல்ல முடியும். உட்சோதனை தேவைப்பட்டால் விளக்கிச் சொல்லி, ஒப்புதல் பெற்று, மறைவான இடத்தில்தான் செய்ய வேண்டும். பெண் மருத்துவரைக் கேட்கவும், வேண்டாம் என்று மறுக்கவும் பெண்ணுக்கு உரிமை உண்டு. கடினமான பிரசவத்துக்குப்பின் இரவு பகலாகச் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருந்தால் அது தசைப் பலவீனமாக இல்லாமல் உள்ளே ஏற்பட்ட துளையாக இருக்கலாம். அதற்கு அறுவை மருத்துவரே தேவை. சிறுநீரில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

இனி, கர்ப்பப்பையை எடுக்கும் ஆலோசனைக்கு வருவோம். முற்றிய இறக்கத்துக்கும் வேறு சில நோய்களுக்கும் அறுவை தேவைப்படலாம். எனினும் கர்ப்பப்பையை அகற்றுவது தளர்ந்த தசையை வலுவாக்காது. அகற்றியபின் பிறப்புறுப்பின் மேற்பகுதி இறங்குவதும் நேர்கிறது. தாங்கு வளையம் பொருத்துவது என்ற எளிய வழியும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில், 82,309 கரும்புத் தொழிலாளிப் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றி நடந்த இத்தகைய அறுவைகள் குறித்த வழக்கில், ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கும் நம் பகுதியிலும் கரும்பு வயல்களுக்குக் குறைவில்லை. பீட் செய்தியை எங்கோ நடந்ததாகப் படித்துவிட்டுப் போக நம்மால் இயலாது.

நேபாளம் வேறொரு பாடம் தருகிறது. கர்ப்பப்பை இறக்கம் அங்கே பரவலாக இருப்பது பெண்களின் இனப்பெருக்க உரிமை மீறல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியது. தனி உடலின் குறை என்று கருதப்பட்டதை அரசின் கடமையாக அத்தீர்ப்பு மாற்றிற்று. அதற்கும் 80 ஆண்டுகளுக்கு முன், 1928இல், பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்றுப் பயன் மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்று வாதிட்டார். இன்று சட்டம் தரும் 26 வார ஊதிய மகப்பேற்று விடுப்பு அன்றாடக் கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு எட்டுவதில்லை. பேறுகால உதவித்தொகை கையில் இருந்தாலும் நடவுப் பருவம் அவளுக்காகக் காத்திருப்பதில்லை. வயலில் கழிப்பறை கிடையாது. ஊர்க்காரர் பார்வைக்கு அஞ்சி நெடுநேரம் சிறுநீரை அடக்குகிறாள், அதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறாள். இந்நிலையில் பயிற்சியை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பும் மருத்துவம் பாதி மருத்துவமே.

அந்தப் பாதியும் எவ்வாறு வந்து சேரும்? தமிழ்நாட்டில் அதற்கான கட்டமைப்பு முன்னரே உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். பக்கவாதத்துக்கும் மூட்டுவலிக்கும் தரப்படும் கவனத்தில் ஒரு பங்கு பிரசவித்த பெண்ணுக்கும் தரப்பட வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வரும் பெண் தன்னார்வலர், சிறுநீர் கசிகிறதா என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். பிரசவத்துக்குப்பின் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிவரும் தாயிடம் கிராமச் செவிலியரும் கேட்கலாம். சிக்கலான நிலையில் உள்ளவரைச் சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

வீடு தேடிச் செல்வது என்றால் எந்த வீடு என்ற கேள்வியும் எழுகிறது. 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடத்தப்பட்டு 2006இல் நூலாக வெளிவந்த தீண்டாமை குறித்த ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குச் செல்ல மறுத்ததைப் பதிவு செய்தது. தொட்டுச் சோதித்தாலன்றித் தொடங்கவே முடியாத சிகிச்சை இது. ஆகவே எத்தனை பேருக்கு இயன்முறை சிகிச்சை தரப்பட்டது என்ற மொத்தக் கணக்கோடு, ஊர்த்தெருவில் எத்தனை பேர், காலனியில் எத்தனை பேர், அவர்களில் பிரசவித்த பெண்கள் எத்தனை பேர் என்பதையும் வட்டார வாரியாக அரசு வெளியிட வேண்டும். அதுவரை கிராம சபையிலும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் இக்கேள்வியை நாமே கேட்கலாம்.