பாடம் செய்தலின் அரசியல்

அருங்காட்சியகத்தில் 'தொடாதே' என்று பலகை வைப்பது பொருளைக் காக்க என்றுதான் நினைக்கிறோம். பல சமயம் பொருளே நஞ்சு. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பெக்கேர் பறவைகளைப் பாடம் செய்ய ஆர்சனிக் சோப்பு தயாரித்தார். பூச்சி அரிக்காது என்று அருங்காட்சியகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. தோல், இறகு, முகமூடி என்று எல்லாவற்றிலும் ஆர்சனிக், பாதரச உப்பு, பின்னாளில் டி.டி.டி. அடித்ததை ஒழுங்காக எழுதிவைக்கவும் இல்லை.

1990இல் அமெரிக்காவில், பூர்வகுடிகளிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தரச் சட்டம் வந்தது. அரிசோனாவின் ஹோப்பி மக்களுக்குத் திரும்பிய சடங்குப் பொருட்களில் ஆர்சனிக் இருந்தது. அவர்கள் அவற்றை 'நண்பர்கள்' என்கிறார்கள், அணிந்து ஆடுவதற்கானவை. அழியாமை என்கிற ஆசை அருங்காட்சியகத்தினுடையது, அவர்களுடையதல்ல என்றே எனக்குப் படுகிறது.

இறகடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் சந்தேகப்படலாம். தெரியாவிட்டால் நஞ்சில்லை என்றாகாது. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி, பொருளைச் சுரண்டாமலே ஆர்சனிக்கையும் பாதரசத்தையும் காட்டிவிடும். டி.டி.டி.யை அடையாளம் காண மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஊழியருக்கு நைட்ரைல் கையுறை, முகக்கவசம், நுண்வடிகட்டி வைத்த தூசி உறிஞ்சி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிய தனி அலமாரி. சரி, ஆடப்போகிறவருக்கு? ஆர்சனிக் ஒரு தனிமம், சிதையாது. முழுக்கத் துடைத்தெடுக்கவும் முடிவதில்லை. கையுறை போட்டுக்கிட்டு ஆடச் சொல்வதா?

மருந்தடித்தது தெரிந்திருந்தால், திருப்பித் தரும்போது அருங்காட்சியகம் சொல்லியாக வேண்டும் என்கிறது விதி. 'தெரிந்திருந்தால்' என்கிற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பதிவேட்டை எழுதாமல் விட்டவர்களே 'தெரியாது' என்று சொல்லும் உரிமையையும் வைத்திருக்கிறார்கள்.