சுவிஸ் கிராமங்களின் கொடிகள் சொல்வது என்ன?

சிவப்புப் பின்னணியில் வெண்சிலுவை தாங்கிய சுவிற்சர்லாந்தின் தேசியக் கொடியை நாம் அனைவரும் அறிவோம். அக்கொடி சதுரமானது என்பதையும் பலர் அவதானித்திருப்பர். ஆயினும், அந்நாட்டின் 26 மாநிலங்களும், அவற்றின் கீழுள்ள ஈராயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூராட்சிப் பிரிவுகளும் தத்தமக்கெனச் சதுரக் கொடிகளைக் கொண்டுள்ளமை நம்மிற் பலருக்குப் புதிய செய்தியாகும். சில நூறு பேர் மாத்திரமே வாழும் மலைக்கிராமத்துக்கும் சொந்தக் கொடி உண்டு.

இக்கொடிகளின் தோற்றுவாய் போர்க்களமாகும். 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், முகத்தை மூடும் தலைக்கவசம் அணிந்த வீரர்களை அடையாளங் காண்பதற்காகக் கேடயங்களில் சின்னங்கள் வரையப்பட்டன. தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் வர்ணங்களுக்கு ஒரு விதி வகுக்கப்பட்டது. மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்னும் உலோகங்களாகக் கொள்ளப்பட்டன. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு முதலியவை வர்ணங்களாகும். உலோகத்தின் மேல் உலோகமோ, வர்ணத்தின் மேல் வர்ணமோ வரலாகாது என்பதே அவ்விதி. சிவப்பின் மேல் வெள்ளைச் சிலுவை வரையப்பட்டிருப்பதும் இவ்விதிக்கு அமைவானதே. சுவிற்சர்லாந்தில் இச்சின்னங்கள் பிரபுக்களின் தனியுரிமையாக இருக்கவில்லை. நகரத்தாரும் விவசாயிகளும் கூட அவற்றைப் பயன்படுத்தினர்.

சின்னங்களிற் பல, ஊரின் பெயரையே ஓவியமாக்குபவை. பேர்ண் நகரின் கொடியில் கரடியும், ஷாஃப்ஹவுசனின் கொடியில் செம்மறிக்கடாவும் இடம்பெறுகின்றன. ஜேர்மன் மொழியில் அவ்விலங்குகளின் பெயர்கள் அந்நகரப் பெயர்களில் ஒலிப்பதே காரணம். பாலாடைக்கட்டிக்குப் புகழ்பெற்ற குறுயேர் ஊரின் கொடியில் கொக்கு காணப்படுகின்றது. பிரெஞ்சு மொழியில் கொக்கின் பெயர் 'குறூ' என்பதாகும். எழுத்தறிவற்றவரும் தம் ஊரைக் கொடியில் வாசித்தறிய இது வழிசெய்தது.

கிளாறுஸ் மாநிலத்தின் கொடி மற்றுமொரு சிறப்புடையது. அதில் புனித பிரிடோலின் என்னும் துறவியின் உருவம் உள்ளது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தின் பின்னர் அங்கு கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் பிளவுபட்டு, ஒரு காலத்தில் தனித்தனி மக்கள் சபைகளையும் கூட்டினர். ஆயினும் இரு சாராரும் அக்கொடியைக் கைவிடவில்லை. சமயத்தால் வேறுபட்டவர்கள் மண்ணால் ஒன்றுபட முடியும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு எனலாம்.

எல்லாக் கிராமக் கொடிகளும் பழைமையானவை எனக் கருதுதல் தவறு. சூரிச் நகரில் 1939 இல் நடைபெற்ற தேசியக் கண்காட்சியில், ஏறத்தாழ 3,000 கிராமங்களின் கொடிகள் ஒரு நடைபாதையின் மேல் வரிசையாகப் பறக்கவிடப்பட்டன. அதுவரை முறையான சின்னமற்றிருந்த பல கிராமங்கள் அக்காலத்தையொட்டியே தமக்கென ஒன்றைத் தெரிவுசெய்தன. கண்காட்சி முடிவதற்குள் உலகப் போர் மூண்டது. நான்கு மொழிகள் பேசும் சிறிய நாடொன்று தன் ஒற்றுமையை வெளிப்படுத்த ஒரே கொடியை மட்டும் உயர்த்தாது, ஆயிரக்கணக்கான கொடிகளையும் உடன் உயர்த்தியமை சிந்திக்கத்தக்கது.

இக்கொடிகளுக்கு மதிப்பளிப்பது துணியும் வர்ணமும் அல்ல, அவற்றின் பின்னாலுள்ள அதிகாரமே. சுவிஸ் கிராமம் தன் வரியைத் தானே தீர்மானிக்கின்றது. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் மத்திய அரசினதும் மாநிலத்தினதும் அனுமதியோடு கிராமத்தின் இணக்கத்தையும் பெற வேண்டும். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடத்துக்குப் பதிலாக உரித்தூரின் பெயரே பதியப்படுகின்றது. இலங்கையிலிருந்து சென்று அங்கு குடியுரிமை பெற்ற தமிழர்களும் இவ்வாறே ஏதோவொரு சுவிஸ் ஊருக்கு உரியவர்களாகியுள்ளனர்.

ஆனால் இவ்வதிகாரத்துக்கு மறுபக்கமும் உண்டு. லூசேர்ன் நகருக்கு அண்மையிலுள்ள எம்மென் என்னுமிடத்தில் 2000ஆம் ஆண்டு குடியுரிமை விண்ணப்பங்கள் இரகசிய வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. இத்தாலியர்களின் விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. முன்னாள் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்தோர் நிராகரிக்கப்பட்டனர். காரணங் கூறாது நிராகரிக்க வழிவிடும் இத்தகைய வாக்கெடுப்பு அரசியலமைப்புக்கு முரணானது என 2003 இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரின் உரிமை, தனிமனிதனின் உரிமையை மீறலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இன்று நிர்வாகச் செலவு காரணமாகக் கிராமங்கள் பல ஒன்றிணைந்து வருகின்றன. கிளாறுஸ் மாநிலத்தில் 25 ஆக இருந்த உள்ளூராட்சிப் பிரிவுகள், மக்கள் சபை 2006 இல் எடுத்த தீர்மானத்தின்படி 2011 இல் மூன்றாகக் குறைக்கப்பட்டன. இணையும் ஊர்கள் எவ்வூரின் கொடியை ஏற்பது, அல்லது புதிதாக எதை வரைவது என்பதைத் தமக்குள் பேசி முடிவுசெய்ய வேண்டியுள்ளது.

சிறிய கொடி பெரிய கொடிக்குப் பகையன்று என்பதைச் சுவிற்சர்லாந்து நிறுவியுள்ளது. அச்சிறிய கொடியின் கீழ் யாவருக்கும் இடமுண்டா என்பதே அதன் மெய்யான பெறுமதியை நிர்ணயிக்கும் என்பதை எம்மென் உணர்த்துகின்றது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதலே பொருத்தமானது.