விட்டதைப் பிடிக்கப் போனால்...

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் சிறிது நேரத்தில் கிண்டி. அங்கே குதிரைப் பந்தயம் நடந்த காலத்தில், சம்பளப் பணத்தோடு போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு! பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழக அரசு சட்டம் செய்தது. "இது திறமை ஆட்டம்" என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

பிறகு சூதாட்டம் செல்போனுக்கே வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆனால் கோவாவுக்குச் சுற்றுலா போனால், கசினோவில் சூதாட்ட யந்திரமே காத்திருக்கிறது!

அதன் கணக்கு என்ன? 100 ரூபாய்க்கு 95 ரூபாய் திருப்பித் தரும் யந்திரம் என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் 5 ரூபாய்தானே? அதுதான் இல்லை! வந்த பணத்தையே மறுபடி மறுபடி போட்டால், பத்தாவது சுற்றில் சராசரியாக மிஞ்சுவது 60 ரூபாய். முன்பு தோற்றவர் என்று யந்திரம் இரக்கப்படாது. ஒவ்வொரு சுற்றும் அதற்குப் புதிதுதான்.

ஆடித்தான் தீருவேன் என்பவர், போனாலும் பரவாயில்லை என்ற தொகையை மட்டும் எடுத்துப் போகவேண்டும். கடன் கூடாது. தொகை தீர்ந்ததும் எழ முடியாதவர் முதல் ரூபாயையே போடாதிருப்பது உத்தமம்.

ஏற்கனவே சிக்கியவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். அவருக்காக வீட்டில் இருப்பவர்களும் பேசலாம்.