மலை இல்லத்தில் கேட்ட குரல்கள்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பணியாற்றும் விதத்தை ஏற்பதாகக் கருத்துக்கணிப்பில் கூறுவோரின் விழுக்காட்டை 'ஏற்பு விகிதம்' என்பர். 1979 கோடையில், பெட்ரோல் நிலையங்களில் வாகனங்கள் நெடுவரிசையில் காத்துநின்ற நாட்களில், அப்போதைய குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் ஏற்பு விகிதம் 30 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்திருந்தது. அறிவித்திருந்த உரையைக் கைவிட்டு, மேரிலாந்து மலைப்பகுதியில் தலைவர்களுக்கான ஓய்வு இல்லமாகிய கேம்ப் டேவிட்டில் ஏறத்தாழ பத்து நாட்கள் தங்கிய அவர், ஆளுநர்கள், சமயத் தலைவர்கள், தொழிற்சங்கத்தினர் எனப் பலரையும் வரவழைத்துத் தம் தலைமையின் குறைகளைக் கேட்டறிந்ததோடு, பென்சில்வேனியாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் சாதாரணக் குடும்பத்தினரின் வீடுகளுக்கும் சென்றார். ஜூலை 15 இரவு தொலைக்காட்சியில் பேசியபோது, நாட்டை வழிநடத்தாமல் அரசாங்கத்தை வெறுமனே நிர்வகிக்கிறார் என்பது போன்ற கண்டனங்களைத் தாமே படித்துக்காட்டியது, ஆட்சியாளரிடம் அரிதினும் அரிதாகக் காணப்படும் நேர்மையாகும்.

மக்களும் அதை உணர்ந்தனர்; ஆதரவுக் கடிதங்கள் குவிந்தன, ஏற்பு விகிதமும் உயர்ந்தது. ஆயினும் இரண்டே நாட்களில் அமைச்சரவை முழுவதும் பதவி விலக முன்வந்ததும், அவர்களுள் ஐவர் வெளியேறியதும், அரசே நிலைகுலைகிறதோ என்னும் அச்சத்தை எழுப்பியதால், அரும்பாடுபட்டுப் பெற்ற அந்த நம்பிக்கை விரைவில் கரைந்தது. நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பணயக் கைதிகளாயினர். 1980 தேர்தலில் 50 மாநிலங்களுள் 44, கார்ட்டரை எதிர்த்துப் போட்டியிட்ட ரொனால்ட் ரேகன் பக்கம் சாய்ந்தன.