பக்கத்து வீட்டுக் குழந்தை கத்தினா, நம்ம காதுக்கும் அதுல பங்கு இருக்கு

அபார்ட்மென்ட்லயோ லைன் வீட்லயோ இருக்குறவங்க எல்லாருக்கும் இன்னிக்கு எபிசோட். பக்கத்து வீட்ல ஒரு குழந்தை தினமும் கத்துது, பொருளை உடைக்குது. நாம என்ன செய்யணும்?

நான் இருக்குறது கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம். எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர்தான். அங்க ஒரு சின்னப் பையன். அவங்கப்பா லாரி டிரைவர். லோடு ஏத்திட்டுக் கெளம்பினா திரும்ப வாரக்கணக்காகும். ராத்திரி ஒம்போது மணிக்கு ஃபோன் கேட்டு அழுகை ஆரம்பிக்கும். அந்த அக்கா முதல்ல முடியாதுன்னுதான் சொல்வாங்க. கொஞ்ச நேரத்துல, "வாய மூடு சாமி, தெருவே பாக்குது"ம்பாங்க. அப்புறம் அமைதி. ஃபோன் கைக்குப் போயிருச்சுன்னு அர்த்தம்.

"தெருவே பாக்குது." இந்த ரெண்டு வார்த்தையிலதான் நாம உள்ள வர்றோம்.

அமெரிக்காவுல ஜெரால்ட் பேட்டர்சன்னு ஒரு உளவியலாளர். இந்த மாதிரிக் குடும்பங்களோட வீட்டுக்கே ஆள் அனுப்பி, நடக்குறத நிமிஷத்துக்கு நிமிஷம் குறிச்சு வெச்சு ஆராய்ச்சி பண்ணினார். 1982ல அதைப் புத்தகமா எழுதினார். அவர் சொன்னது இதுதான்: குழந்தை கத்துது, அம்மா விட்டுக்கொடுக்குறாங்க, கத்தல் நிக்குது. கத்தினா கிடைக்கும்னு குழந்தை கத்துக்குது. கொடுத்தா நிக்கும்னு அம்மாவும் கத்துக்குறாங்க. ரெண்டு பேருக்கும் அந்த நேரத்துக்கு நிம்மதி. மறுநாள் அதே சண்டை, இன்னும் பெருசா.

இதை உடைக்க அம்மா ஒரு நாள் உறுதியா நிக்குறாங்கன்னு வைங்க. கத்தல் உடனே குறையாது. முதல்ல சில நாள் கூடத்தான் செய்யும். சரியா அந்த நேரத்துல நாம போய்க் கதவத் தட்டினா? அவங்க கூசிப்போய் ஃபோனைக் கொடுத்துருவாங்க. இன்னும் சத்தமா கத்தினாத்தான் கிடைக்கும்னு பையன் புரிஞ்சுக்குவான்.

எல்லாக் கத்தலும் அடம் இல்ல, அதையும் சொல்லிடுறேன். ஆட்டிசம் இருக்குற சில குழந்தைங்களுக்கு குக்கர் விசிலும் லாரி ஹாரனுமே தாங்க முடியாம போகும். அவங்க எதையும் கேட்டு அழல. தாங்க முடியாமத்தான் அழுறாங்க. அங்க தேவை அமைதி, சுத்தி நின்னு பாக்குற கூட்டம் இல்ல. எது எதுன்னு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நம்மால சொல்ல முடியாது. ரீல்ஸ் பாத்துட்டுப் பேர் வைக்க வேண்டாம்.

அப்போ நாம என்னதான் செய்யலாம்?

ஒண்ணு, கத்தல் நடக்கும்போது போகாதீங்க. மறுநாள் போங்க. "ஏன்க்கா இப்படிக் கத்துறான்?"னு கேக்காம, "நேத்து ராத்திரி நீங்க சாப்பிட்டீங்களாக்கா?"ன்னு கேளுங்க. "சத்தத்தைப் பத்திக் கவலப்படாதீங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிடுங்க. தெரு பாக்குதுங்குற பயம் அங்கதான் குறையும்.

ரெண்டு, அவங்களே உதவி கேட்டா வழி சொல்லுங்க. பிறந்ததுலேர்ந்து பதினெட்டு வயசு வரைக்கும் குழந்தைகளோட வளர்ச்சிப் பிரச்சினைகளைப் பாக்க, 2013ல ஆரம்பிச்ச தேசியத் திட்டத்துல மாவட்ட அளவுல ஆரம்பகட்ட இடையீட்டு மையங்கள் இருக்கு. சிகிச்சை இலவசம். அம்மாவுக்கே மனசு உடைஞ்சு போனா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல வருது. அதனால சான்றிதழ் வாங்குறதுல வெக்கப்பட எதுவும் இல்ல, அது உரிமை.

மூணு, குழந்தைக்கு அடி விழுற சத்தம் கேட்டா பொறுத்துப் போக வேண்டாம். 1098க்குக் கூப்பிடுங்க. குழந்தை அழுறது வேற, குழந்தைய அடிக்கிறது வேற.

மத்த நாள்ல கால் எடுக்கணும்னா ஒரு ஹெட்ஃபோன் போதும். ஆனா அந்த அக்கா முடியாதுன்னு சொல்லி நிக்குற பத்து நிமிஷத்த, நாம பொறுத்துக்கிட்டாத்தான் அவங்களால ஜெயிக்க முடியும். அடுத்த எபிசோட்ல பாப்போம்.